குவியலுக்கு எதிராக ஒரு கை

மண்டல வேளாண் விற்பனைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் மலரில், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், அவரைப் பற்றி இப்படி அச்சாகியிருக்கிறது: “கூட்டு விற்பனையில் அசைக்க முடியாத நம்பிக்கை கொண்டவர். தம் எழுச்சிமிகு உரைகளால் விவசாயிகளை ஒரு குடைக்கீழ்த் திரட்டியவர். ஓய்வறியா உழைப்பாளி. மக்காச்சோள விளைவிப்போர் கூட்டு விற்பனைச் சங்கத்தின் செயலாளர்.”

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

கூட்டு விற்பனையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பதினோரு வருடங்களில் சங்கக் கூட்டத்தில் அவர் ஆற்றிய மிக நீண்ட உரை, “கடைசியா போறவங்க ஃபேனை நிறுத்திட்டுப் போங்க” என்பது. ஓய்வைப் பொறுத்தவரை, அதை அவர் அறியாதவர் அல்லர். அடுத்தவர் வீடுகளில் அது எப்படி இருக்கிறது என்று நிறையவே பார்த்திருக்கிறார். பக்கத்தில் உள்ள படமும் அவருடையதல்ல. படமெடுக்க ஆள் வந்த அன்று அவர் களத்தில் இருந்ததால், நல்ல துணி உடுத்திக்கொண்டு நின்ற கொழுந்தனின் மனைவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படத்தில் இருப்பவர் சிரிக்கிறார். அதை வைத்துத்தான் ஆள் மாறிவிட்டது என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அவர் செயலாளரான விதமும் மலரில் இல்லை. அந்தச் சங்கத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. வருடாந்திரக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவார்கள். வந்தவரைக் கேட்டால் மாட்டேன் என்பார். வராதவரால் அது முடியாதல்லவா? பதினோரு வருடங்களுக்கு முன், கூட்டம் நடந்த மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த சோளத்தை அவர் ஒற்றை ஆளாக அள்ளிக்கொண்டிருந்தார். மழை வரவில்லை. பதவி வந்தது. அதைப் பார்த்துப் பாடம் படித்த மற்ற நாற்பது பேரும் அதற்குப் பிறகு ஒரு வருடாந்திரக் கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு வந்தார்கள். ஒருவர் காலில் மாவுக்கட்டோடு வண்டியில் படுத்தபடி வந்தார். வருகைப் பதிவைப் பார்த்த துறை அதிகாரிகள் உறுப்பினர்களின் ஈடுபாட்டை மெச்சிக் கடிதம் அனுப்பினார்கள்.

சங்கத்தின் முறை எளிதானது. எல்லோரும் அறுத்த சோளத்தைக் காயவைத்துக் கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். எடை போட்டதும் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிடுவார்கள். எல்லாம் ஒரே குவியல், எல்லோருக்கும் ஒரே விலை. கோழித்தீவன ஆலையின் லாரிகள் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். ஆலைக்கு இரண்டே பிடிவாதம். பேசிய அளவு குறையக்கூடாது. ஈரம் நூற்றுக்குப் பதினாலைத் தாண்டக்கூடாது. பணம் வர இரண்டு மாதம் ஆகும்.

கொட்டிய பிறகு யாருடைய சோளம் எது என்று பிரிக்க முடியாது. அதுதான் நம் பலம் என்று கொழுந்தன் மேடைக்கு மேடை சொல்வார். கணவரின் தம்பியான அவர்தான் சங்கத் தலைவர். ஊரில் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல் என்பதால் வந்த பெயர் அது.

செயலாளருக்கோ, பிரிக்க முடியாது என்பதுதான் வயிற்றெரிச்சல். அவருடைய சோளம் அந்தப் பக்கத்திலேயே நன்றாகக் காய்ந்த சோளம். நாலு நாள் களத்தில் பரப்பி, மணிக்கொரு தடவை பலகையால் கிளறி, மேகம் தெரிந்தால் அள்ளி, வெயில் வந்தால் மறுபடி பரப்பி, ஈரமானி பன்னிரண்டு காட்டும் வரை விடமாட்டார். குதிகால் வெடிப்புகளில் சோளத் தவிடு போய் உட்கார்ந்து, அறுவடை முடிந்து ஒரு மாதம் வரை வெளியே வராது. அந்தச் சோளம் குவியலில் விழுந்ததும், பக்கத்து நிலத்துக்காரர் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டை கட்டிய பதினாறு ஈரச் சோளத்தோடு சேர்ந்து, இரண்டும் ஒரே சோளமாகிவிடும்.

இந்த வருடம் அவர் ஒரு முடிவு செய்திருந்தார். பக்கத்து டவுனில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு, சோளம் உலர்த்தும் இயந்திரத்தை விற்கிறார் என்று கணவர் செய்தி கொண்டுவந்தார். கணவர் பம்பு மெக்கானிக். இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்து, கழற்றி மாட்டி, “பேரிங் மட்டும்தான் தேய்ஞ்சிருக்கு, மத்தபடி நம்மைவிட நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்தால் நமக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார். காய்ந்த சரக்கு என்பதற்காகவே, தனியாகச் சோளம் வாங்கும் வியாபாரி ஒருவர் ஆலை விலையைவிட எட்டில் ஒரு பங்கு கூட்டிக் கேட்டிருந்தார். அதுவும் கையோடு ரொக்கம். செயலாளர் வீட்டுக் கொட்டகையில் இருநூற்றுப் பத்து மூட்டை அடுக்கியிருந்தது. அதை விற்றால் இயந்திரம் வரும். அடுத்த வருடம் நாலு நாள் பலகையோடு நிற்க வேண்டாம். இயந்திரம் சுற்றும்போது அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்து என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. உட்காருவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அவசரக் கூட்டம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆலையின் லாரிகள் வருகின்றன. பேசியது ஆயிரத்து நூறு மூட்டை. கிடங்கில் குவிந்திருந்ததோ தொள்ளாயிரத்துச் சொச்சம். வியாபாரி வீடு வீடாக வந்து விலை கேட்டுக்கொண்டிருப்பதால், இந்த வருடம் கூட்டு விற்பனையா, அவரவர் பாடு அவரவருக்கா என்று கை தூக்கி முடிவு செய்துவிடலாம் என்று தலைவர் கூட்டியிருந்தார். குவியலைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். தகரக் கூரை மேலிருந்து வாட்டியது. டீ ஆறவே இல்லை.

முதலில் எழுந்தவர் ‘சந்தேகம்’. அவர் எந்தப் பேச்சையும் வேறு சொல்லால் ஆரம்பித்ததில்லை.

“எனக்கு ஒரு சந்தேகம். நான் காயவெச்சுக் கொண்டு வரேன். இன்னொருத்தன் நனைச்சுக் கொண்டு வரான். ரெண்டு பேருக்கும் ஒரே விலைன்னா, நான் எதுக்குய்யா காயவெக்கணும்?”

“நீ என்னிக்குக் காயவெச்சே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “உன் மூட்டையைப் பிழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வரும்!”

சிரிப்பு அடங்குவதற்குள் மைக் எழுந்துவிட்டார்.

“சொந்தங்களே! தனித்தனியா போனா என்ன ஆகும்? முதல் ஆளுக்கு நல்ல விலை. பத்தாவது ஆளுக்குச் சுமார் விலை. நாப்பதாவது ஆளை வாசல்ல நிக்கவெச்சு, ‘சரக்கு வேணாம், வந்ததுக்கு டீ குடிச்சுட்டுப் போ’ன்னு அனுப்புவான். அந்த நாப்பதாவது ஆள் யாரு? நீங்களா? நீங்களா?” விரல் ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே போனது. சுட்டப்பட்டவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. போன வருடம் இதே நாற்பத்தொரு பேரும் தனி விற்பனைக்குக் கை தூக்கினார்கள். மூன்றாம் நாளே வியாபாரி விலையை இறக்க, எல்லோரும் மூட்டையோடு கிடங்கு வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். தனி விற்பனைக்கு ஓட்டு விழுந்த வருடம்தான் குவியல் கூரையைத் தொட்டது. இந்தச் சங்கத்தில் கை ஒரு திசையிலும் மூட்டை வேறு திசையிலும் போகும் என்பதைச் செயலாளர் மட்டும் கவனித்து வைத்திருந்தார்.

“அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் மைக்.

செயலாளர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்: “எல்லாரும் எல்லாத்தையும் கொண்டு வந்தாச்சா?”

“ஆச்சு, ஆச்சு” என்று நாற்பது தலைகள் ஆடின.

“அப்புறம் ஏன் குறையுது?”

ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “விதைக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சேன்க்கா” என்றார்.

கடையில் பாக்கெட் வாங்கி விதைக்கிற ரகம் அது. அறுத்ததை மறுபடி விதைத்தால் தட்டைதான் மிஞ்சும், கதிர் தேறாது. இது அந்தக் கிடங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சொன்னவருக்கும் தெரியும்.

“நான் கோழிக்கு வெச்சிருக்கேன்” என்றார் சந்தேகம்.

“எத்தனை கோழி?”

“நாலு.”

“எத்தனை மூட்டை?”

“ஒரு நாப்பது இருக்கும்.”

“கோழியை ஆலைக்கு அனுப்பிடலாமே!” என்றது பின்வரிசை.

“சிரிங்க, சிரிங்க” என்றார் சந்தேகம். “எனக்கு இன்னொரு சந்தேகம். செயலாளர் சரக்கு எங்கே? குவியல்ல பார்க்கலையே?”

“காயுது” என்றார் செயலாளர்.

அது காய்ந்து மூட்டை கட்டி மூன்று நாளாகியிருந்தது. இப்படித்தான் அவரும் நாற்பத்தொன்றில் ஒருவரானார். ஒவ்வொருவரும் தான் ஒருவன் பதுக்கினால் குவியல் குறைந்துவிடாது என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் மட்டும் சங்கம் ஒற்றுமையாக இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். கூட்டு விற்பனைக்கு நாற்பது கைகள், துள்ளிக்கொண்டு எழுந்தன. எதிராக ஒரு கை. அது செயலாளருடையது.

“என்ன அண்ணி, நீங்களே இப்படி?” என்று மைக் அதிர்ந்தார்.

“தனியா விக்கணும்னு இருக்கிறவங்கள்ல ஒருத்தராவது இங்க வெளிப்படையா சொல்லணும்ல” என்றார் அவர். “மிச்சத்தைச் சாயந்திரத்துக்குள்ள கொண்டு வாங்க. கடைசியா போறவங்க ஃபேனை நிறுத்துங்க.”

சாயந்திரத்துக்குள் வந்தது மூன்று மூட்டை. அதில் ஒன்று ஈரம்.

எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்து இருபது. குத்தூசியைக் குவியலின் எட்டு இடங்களில் குத்தி எடுத்த மணிகளை அவர் ஈரமானியின் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தார். பதினாலு புள்ளி நாலு. கிண்ணத்தைத் துடைத்து மறுபடி போட்டார். கருவிக்கு அவர்மேல் இரக்கம் பிறக்கவில்லை. ஆலைக் கிளார்க்குக்குப் போன் போட்டார்.

“அக்கா, பதினாலுன்னா பதினாலுதான். ஒரு புள்ளி ஏறினாலும், ஒரு மூட்டை குறைஞ்சாலும் லாரியைத் திருப்பச் சொல்லி ஆர்டர். என் கையில ஒண்ணும் இல்லைக்கா.”

“லாரி திரும்பினா?”

“மில்லு வேற இடத்துல எடுத்துக்கும். நீங்க அந்த வியாபாரிகிட்டேயே குடுத்துடுங்களேன்.”

தொள்ளாயிரம் மூட்டை ஈரக் குவியலை, வேறு வழியில்லை என்று தெரிந்த பிறகு வியாபாரி என்ன விலைக்குக் கேட்பார் என்பதைக் கணக்குப் போடக் கிளார்க் தேவையில்லை. செயலாளர் போனை வைத்துவிட்டுக் குவியலுக்குள் கையை விட்டார். முழங்கை வரை குளிர்ச்சியாக இருந்தது. தோள் வரை விட்டபோது வெதுவெதுப்பு தட்டியது, காய்ச்சல்காரனின் அக்குள் மாதிரி. ஈரச் சோளம் உள்ளுக்குள் புழுங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் கோழிகூடத் தொடாது, சந்தேகத்தின் நாலு கோழிகள் உட்பட.

வீட்டில் கணவர் இயந்திரத்துக்கு வேண்டிய பேரிங்கை ஏற்கெனவே வாங்கி வந்திருந்தார். மேசைமேல் காகிதத்தைப் பிரித்து அதை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாரி காலையில ஏழு மணிக்கு வரும்னு வியாபாரி சொல்லியனுப்பினாரு” என்றார். “என்ன, முகம் செத்துக் கிடக்கு?”

சொன்னார். கணவர் பேரிங்கை உருட்டுவதை நிறுத்தவில்லை.

“சங்கம் ஒழிஞ்சா ஒழியட்டும்னு பதினோரு வருஷமா நீதானே சொல்லிட்டு இருக்கே?”

“இப்பவும் அதைத்தான் சொல்றேன்.”

“அப்புறம் என்ன? ஒழியட்டும்.”

“சங்கம் ஒழிஞ்சுடும். அந்தக் குவியல் எங்கே போகும்? நாப்பது பேரும் வந்து நிப்பாங்க. அதில இருக்கிற காய்ஞ்சதெல்லாம் அவங்களோடது, ஈரமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனோடதுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு மணி நேரம் பேசுவாங்க. உள்ள கையை விட்டா சுடுது. நான் பேச்சைக் கேட்பேனா, சோளத்தைப் பார்ப்பேனா?”

“அதுக்காக நம்ம சரக்கைக் கொட்டணுமா? உன் கொழுந்தன் கொட்டுவானா?”

அவர் அடுப்படிக்குப் போனார். வெந்நீர் வைத்துக் காலை ஊறப்போட்டார். கணவர் பேரிங்கைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு, மனைவி வாய் திறக்காமலிருந்தால் அது எந்த முடிவு என்று தெரியும்.

காலையில் லாரியோடு வியாபாரியும் வந்தார். ஒரு மூட்டையைக் குத்தி, நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது.

“இது சரக்கு! தங்கச்சி, உன் கைக்கு வளையல் போடணும்.”

“அண்ணே, லாரி உங்களோடதா, வாடகையா?”

“வாடகைதான். ஏன்?”

செயலாளர் டிரைவரிடம் திரும்பினார். “கிடங்கு வரைக்கும் ஒரு நடைக்கு என்ன கேப்பீங்க தம்பி?”

டிரைவர் வியாபாரியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், ஒரு தொகை சொன்னார். யார் சோளமாக இருந்தால் அவருக்கென்ன, சக்கரம் சுற்றினால் சரி.

“என்ன தங்கச்சி இது?” வியாபாரிக்குக் கோபம்கூட வரவில்லை, குழம்பிப்போனார். “நேத்து கூட்டத்துல தனி விற்பனைக்கு நீ ஒருத்திதான் கை தூக்கினேன்னு ஊரே சொல்லுதே?”

“தூக்கினேன்.”

“அப்புறம்?”

“வலிச்சுது. இறக்கிட்டேன்.”

“உன் கொழுந்தன் ஒற்றுமை ஒற்றுமைன்னு தொண்டை கிழியக் கத்தினானே, அவன் சரக்குல பாதிக்கு மேல திங்கக்கிழமையே மச்சான் பேர்ல என் குடோனுக்கு வந்தாச்சு. தெரியுமா உனக்கு?”

“மச்சானுக்கு நிலமே கிடையாதே” என்றார் செயலாளர். அதற்குமேல் வியப்படைய அவருக்குத் தெம்பில்லை.

நூற்றெண்பது மூட்டை ஏற்றச் சொன்னார். கணக்குச் சரியாக அதுதான் குறைந்தது. மீதி முப்பதைக் கொட்டகையிலேயே விட்டார். ஏன் என்று கணவர் புருவத்தைத் தூக்கினார்.

“கோழிக்கு” என்றார்.

அவர்கள் வீட்டில் கோழி கிடையாது.

கிடங்கில் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, நாலு கூலியாட்களோடு அவரும் மண்வெட்டி பிடித்து, அடியிலிருப்பது மேலே வரும்படி குவியலை இடம் மாற்றிப் புரட்டினார்கள். சூடு ஆவியாய் எழுந்து முகத்தில் அடித்தது. ஒன்பது மணிக்குக் குத்தூசி போட்டுப் பார்த்தார். பதினாலு புள்ளி ஒன்று.

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் சாய்ந்திருந்த கணவர் டிரைவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். அரை மணியில் அந்த முப்பதும் வந்தது. கொட்டிப் புரட்டியதும் பதிமூன்று புள்ளி ஒன்பது.

பத்து மணிக்கு ஆலையின் மூன்று லாரிகளும் வந்தன. கிளார்க் தன் ஈரமானியால் ஒருமுறை பார்த்தார், இவருடையதால் ஒருமுறை பார்த்தார், தலையை ஆட்டினார். ஏற்றி முடிப்பதற்குள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மைக் முதல் லாரியின் படியில் ஏறி நின்று, ஒற்றுமையின் வலிமை பற்றிக் கால் மணி நேரம் பேசினார். துறையிலிருந்து வந்திருந்தவர் குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த மலரின் நாற்பத்திரண்டாம் பக்கம் அங்கேயே தயாராகிக்கொண்டிருந்தது.

ஆயிரத்து நூறு மூட்டை போனபின், தரையில் முப்பது மூட்டைச் சோளம் மிஞ்சியது. அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் சந்தேகம், குனிந்து ஒரு பிடி அள்ளிக் கையில் உருட்டியபடி. “நல்லா காய்ஞ்சிருக்கு பாருங்க. இது என்னோடது மாதிரி தெரியுது.”

“இருக்கும்” என்றார் செயலாளர்.

சனிக்கிழமை இயந்திரம் வேறு ஆளுக்குப் போனது. பேரிங் மேல் தட்டிலேயே இருக்கிறது. அடுத்து நடந்த வருடாந்திரக் கூட்டத்துக்கும் நாற்பத்தொரு பேரும் தவறாமல் வந்திருந்தார்கள். எனவே செயலாளர் மாறவில்லை. உலர்த்தும் இயந்திரம் ஒன்றைக் கூட்டாக வாங்குவது என்று நாலாவது தடவையாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் செய்தது இவ்வளவுதான்: தன்னுடைய இருநூற்றுப் பத்து மூட்டையையும் அவிழ்த்து மற்றவர்களின் சோளத்தோடு கொட்டினார், மண்வெட்டியால் புரட்டிவிட்டார், எல்லோரும் போனபிறகு ஃபேனை நிறுத்தினார்.